விரிசலோடு விற்ற வண்டி

விற்பனை விளம்பரத்தில் ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தால் அந்த வண்டியைப் பார்க்க நான் கிளம்புவதில்லை. இங்கிலாந்தின் மழையிலும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பிலும் ஐம்பது வருடம் கிடந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறை இல்லாமல் இருக்க வழியே கிடையாது. அப்படி எழுதியவர் ஒன்று வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை, இல்லையென்றால் பார்த்ததைச் சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் வாங்க முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுதுபார்ப்பதும் விற்றுக்கொடுப்பதும் என் தொழில். வேலை கற்றது கோவையில், ஒரு அம்பாசடர் பட்டறையில். இங்கே வந்து முதல்முறை எம்ஜிபியின் பானட்டைத் தூக்கியபோது அயலூரில் சொந்தக்காரரைக் கண்டதுபோல் இருந்தது. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ். அதே புஷ்ராடு, அதே ராக்கர் ஷாஃப்ட், இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில். அங்கே கார்புரேட்டர் ஒன்று. இங்கே எஸ்யூ இரண்டு. எஞ்சினைப் பொறுத்தவரை எனக்குப் புதிதாகக் கற்க அதிகம் இருக்கவில்லை. பாடியைத்தான் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. விற்பதை அதற்குப் பிறகும் வெகுகாலம் கற்றேன்.

எம்ஜிபி 1962-இல் வந்தது. 1980 அக்டோபரில் எம்ஜியின் அபிங்டன் ஆலை மூடும்வரை, மூடிய கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் இது அபூர்வமான வண்டி அல்ல. போல்ட்டிலிருந்து பம்பர் வரை ஏறக்குறைய எல்லா உதிரிபாகமும் இன்றைக்கும் கிடைக்கிறது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் ஆலையின் பழைய அச்சுகளைக் கொண்டே முழு பாடியையும் புதிதாக அடித்துத் தருகிறது. பணம் இருந்தால் எதையும் புதிதாக்கிவிடலாம் என்பதுதான் இந்த வண்டியை விற்பதில் உள்ள சிக்கல். விற்கும் முன் எதைச் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது என்ற தீர்மானத்தில்தான் என் தொழிலின் பெரும்பகுதி இருக்கிறது.

நான் சொல்லவந்தது 1972-ஆம் வருட எம்ஜிபி ஒன்றைப் பற்றி. டீல் ப்ளூ நிறம், ஹூட் எனப்படும் துணிக் கூரை, குரோம் பம்பர், ஸ்போக் வீல், ஓவர்டிரைவ். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தவருக்கு முழங்கால் போய்விட்டது. எம்ஜிபியில் ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். இருக்கை கிட்டத்தட்டத் தரையில் இருக்கும். “இறங்க ஆள் கூப்பிட வேண்டிய வண்டியை எதற்கு வைத்திருப்பது?” என்றார். அவரோடு வந்தவை ஒரு நோட்டுப்புத்தகமும் பில்கள் நிறைந்த ஒரு பெட்டியும்.

அந்த நோட்டை நான் அன்று இரவு முழுக்கப் படித்தேன். தேதி, மைல் கணக்கு, செய்த வேலை. ஆயில் மாற்றியது, ஸ்போக் வீலைக் கழற்றி ஸ்ப்ளைனில் க்ரீஸ் தடவியது, முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு க்ரீஸ் அடித்தது. எம்ஜிபியின் கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை க்ரீஸ் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இதை யாரும் செய்வதில்லை, ஏனென்றால் இன்றைய கார்களில் க்ரீஸ் அடிக்க இடமே இல்லை, பழக்கம் விட்டுப்போய்விட்டது. இந்த மனிதர் ஒரு தடவைகூட விடவில்லை. நவம்பரில் வண்டியைக் கொட்டகையில் விட்டால், வசந்தத்தில் நல்ல மழை நாலு பெய்து சாலை உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே எடுத்திருக்கிறார். பராமரித்த வண்டி என்று நான் சொல்வது இதைத்தான். மெழுகு போட்டுப் பளபளவென்று வரும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் கிங்பின் காய்ந்து கிடக்கும்.

நோட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் என் பரிசோதனையைச் செய்தே தீருவேன். எம்ஜிபியில் அது கதவிலிருந்து தொடங்குகிறது. இதற்கு முந்தைய எம்ஜிஏவுக்குத் தனிச் சேசிஸ் இருந்தது. எம்ஜிபிக்கு இல்லை, பாடியேதான் சேசிஸ். அதிலும் தலைக்கு மேல் கூரை கிடையாது. அதனால் வண்டி நடுவில் தொய்யாமல் தாங்குவது பெரும்பாலும் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் சில் என்ற பெட்டிதான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் காசில் ரெயில் என்று அது பல அடுக்கு. துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையே உள்ள சந்தைப் பார்ப்பேன். தூக்குவதற்கு முன் இருந்த அகலம் மாறினாலோ, கதவு சிக்கினாலோ, மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

அடுத்தது கீழே படுப்பது. சில்லை ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் முன் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் ஆகவேண்டும்; சில் அதன் பின்னாலும் போகிறது. சோம்பேறித்தனமான டிங்கர் வேலையில் அழுகிய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். அடியில் தகடுகள் சேரும் விளிம்பில் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரியவேண்டும்; மூடித்தைத்த வண்டியில் அந்த விளிம்பே கண்ணில் படாது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை மட்கார்டின் கீழ் மூலைகளில் நகர்த்திப் பார்ப்பேன். எங்கே பிடி விடுகிறதோ அங்கே பட்டி. இருக்கைகளுக்குப் பின்னால், மூடிக்குக் கீழே, பற்றரி இருக்கும் குழிகள். இந்த வருடத்து வண்டியில் ஆறு வோல்ட் பற்றரி இரண்டு. அமிலம் சொட்டி அந்தக் குழிகள் ஓட்டையாகிச் சாலை தெரிவது சகஜம்.

ஆசிரியரின் வண்டியில் இரண்டு சில்லும் 1990-களின் தொடக்கத்தில் மாற்றியவை. பெட்டியில் அதற்கான பில் மட்டுமல்ல, மட்கார்டு வெட்டித் திறந்து கிடந்த நிலையில் எடுத்த போட்டோக்களும் இருந்தன. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. சில்லின் உள்ளே மெழுகு பீய்ச்சிய துளைகளில் ரப்பர் மூடிகள் அப்படியே இருந்தன. பற்றரிக் குழிகளுக்கு அவரே பெயின்ட் அடித்திருந்தார்.

பிறகுதான் பேச்சு பெயின்டுக்கு வந்தது.

“விற்கிறதுக்கு முன்னால் ஒரு முழு பெயின்ட் அடித்துவிடலாமா? செலவு என்னுடையது,” என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். தன் வண்டி மணப்பெண்ணாகப் போகவேண்டும் என்ற ஆசை. இருந்த பெயின்ட் இருபது வருடத்துக்கு மேல் பழையது. இடது முன் மட்கார்டு மட்டும் பிறகு தனியாக அடித்தது, வெயிலில் பார்த்தால் நிறம் அரைச்சாயல் மாறும். பின்பக்கம் ஹூட் மடங்கும் இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். பானட்டின் நுனியில் கல்லடி. ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு விரிசல்.

அந்த விரிசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இது எம்ஜிபிக்கே உரியது. கதவின் முன்மூலையில் ஒரு சிறிய முக்கோணக் கண்ணாடி இருக்கிறது. அதன் பின் சட்டம் கதவுக்குள் இறங்கும் இடத்தில் தகடு மெல்லியது. கதவை ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அந்தச் சட்டம் ஆடித் தகட்டை இழுக்கிறது. பல வருடம் கழித்து அங்கே ஓர் அங்குல அளவுக்குத் தகடு கிழியும். துரு காரணமில்லை, மோதலும் காரணமில்லை. வெல்டிங் வைத்து மூடினால், அடிப்படைக் காரணம் அப்படியே இருப்பதால், மறுபடி கிழிவதும் உண்டு. அதைச் சரிசெய்யக் கண்ணாடியைக் கழற்றி, கதவை இறக்கி, தகட்டைப் பற்றவைத்து, கதவுக்குப் பெயின்ட் அடித்து, நிறம் ஒத்துப்போகப் பக்கத்து மட்கார்டிலும் கொஞ்சம் அடிக்கவேண்டும்.

பெயின்ட் வேண்டாம் என்றேன். காரணத்தில் பாதி பணம். பாடியை இரும்புவரை சுரண்டி ஒழுங்காக அடித்தால் பல ஆயிரம் பவுண்டு; விற்பனை விலையில் அதில் பாதிகூடத் திரும்பாது. மீதிப் பாதி எனக்கு இன்னும் முக்கியம். வண்டி வாங்க வருகிறவன் புதுப் பெயின்டைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இதற்குக் கீழே என்ன? அந்தக் கேள்விக்குப் புதுப் பெயின்டால் பதில் சொல்ல முடியாது. இருபது வருடப் பெயின்டால் முடியும். அதன் கீழே துரு இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் கொப்பளித்து வெளியே வந்திருக்கும். மட்கார்டின் கீழ் மூலை இருபது குளிர்காலத்துக்குப் பிறகும் வழவழப்பாக இருக்கிறதென்றால், அங்கே நல்ல இரும்பு இருக்கிறது என்று அது சொல்கிறது. அதை மூடிப் புதுச்சாயம் பூசுவது சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கி அனுப்புவது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அபிங்டன் ஆலையில் வேலை பார்த்த ஒரு பெரியவர். பாடி வேறு ஆலையிலிருந்து லாரியில் வரும், அபிங்டனில் எஞ்சினையும் மற்றதையும் கோத்து வண்டியாக்குவார்கள். வரும் பாடிகளின் சந்துகளைக் கையால் தடவிப் பார்த்தே பழகியவர் அவர். விற்கிறவன் கடைசியாகச் செய்த வேலை எதுவோ அதைத்தான் வாங்குகிறவன் முதலில் சந்தேகப்படுவான் என்பார். ஏலத்துக்கு முந்தைய வாரம் அடியில் கறுப்புப் பூச்சு பூசிக்கொண்டு வரும் வண்டிகளை அவர் குனிந்துகூடப் பார்க்கமாட்டார்.

ஆசிரியர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். ஆனால் எல்லாவற்றையும் தொடாமல் விடுவதும் நேர்மை ஆகாது. சின்னக் குறை எது, குறை என்று சொல்லி விற்கக்கூடாத பழுது எது என்று பிரிக்க எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது: நிற்பதற்கும் திரும்புவதற்கும் தொடர்புடைய எதுவும் சின்னக் குறை இல்லை. டயர்களில் பட்டன் முழுசாக இருந்தது, பார்த்தால் புதுசு. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்தால், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம், தயாராகிப் பத்து வருடம் தாண்டியிருந்தது. வருடத்துக்கு ஆயிரம் மைல் ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. நான்கையும், ஸ்போக் வீல் என்பதால் உள்ளே இருக்கும் ட்யூபோடு சேர்த்து, மாற்றினேன். பிரேக்கின் ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாக இருந்து உள்ளே வீங்கும், அவற்றையும் மாற்றினேன். பெட்ரோல் ஹோஸ்கள்கூடத்தான். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால். பழைய ரப்பரை அது தின்றுவிடும். இந்த மூன்றுக்கும் ஆசிரியர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

கிங்பின்தான் என்னை யோசிக்க வைத்தது. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால், இடது பக்கம் லேசான ஆட்டம் இருந்தது. ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டவேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். நிற்கவில்லை. நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு, பெரிதாக மாற்றங்கள் செய்யாமல் இருந்தால், 2018 மே மாதத்திலிருந்து இங்கே வருடாந்தரத் தகுதிச் சோதனையான எம்ஓடி கட்டாயமில்லை. ஆனால் நான் விற்கும் ஒவ்வொரு வண்டியையும் சோதனைக்கு அனுப்புகிறேன். எனக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் எழுதித் தரும் வார்த்தைக்கு மதிப்பு அதிகம், அரசு இணையத்தளத்தில் யாரும் அதைச் சரிபார்த்தும் கொள்ளலாம். வண்டி தேறியது, கிங்பின் ஆட்டம் அளவுக்குள் இருப்பதாகவும் கவனிக்கவேண்டும் என்றும் குறிப்பு எழுதினார்கள். சரி, இது இன்றைக்குப் பழுதில்லை, இரண்டு மூன்று வருடத்தில் வேலை. குறைப் பட்டியலில் அதை முதல் வரியாக எழுதினேன்.

பட்டியல் எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. ‘வயதுக்கேற்ற சில தழும்புகள்’ என்று எழுதுவது எழுதாமல் இருப்பதற்குச் சமம். எந்த இடம், எவ்வளவு நீளம், எப்போதிலிருந்து என்று எழுதவேண்டும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் போட்டோ எடுக்கவேண்டும். இடது கிங்பின். கதவு விரிசல். மட்கார்டின் நிறம். ஹூட் மடங்கும் இடத்துக் கொப்புளங்கள். ஓட்டுநர் இருக்கையின் வெளித்தையல் பிரிந்தது. ஹூட்டின் பின்பக்கப் பிளாஸ்டிக் மங்கியது. எஞ்சின் சூடாகும்வரை இரண்டாவது கியர் கரகரப்பது. இரவு முழுக்க நின்றால் எஞ்சினுக்குக் கீழே நாணயமளவு ஆயில். இந்தக் கடைசிக்குக் காரணம் எஞ்சினின் பின்பக்க சீல். எம்ஜிபியில் கிளட்ச் மாற்றவே எஞ்சினை இறக்கவேண்டும், அன்றைக்குச் சேர்த்துப் பார்த்துக்கொள்வதுதான் புத்தி. அதையும் அப்படியே எழுதினேன். குறையோடு அதற்கான வழியும் இருந்தால் படிக்கிறவருக்குப் பயம் வராது.

ஆசிரியருக்குப் பட்டியலைக் காட்டினேன். முகம் மாறியது. “இத்தனை வருடம் நான் பார்த்துக்கொண்டதெல்லாம் எங்கே? குறையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்,” என்றார். ஒரு வாத்தியாரின் பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுத்தவனைப் போல் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டதற்கு உங்கள் நோட்டு இருக்கிறது, அதை நான் சுருக்கி எழுதினால் அதன் மதிப்புத்தான் குறையும், முழுசாக மேசையில் வைப்பேன் என்றேன். இந்தத் தாளைப் படித்தவர் அந்த நோட்டை நம்புவார் என்றும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் தாளை மடித்து எடுத்துப்போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கடைசியில் அவர் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: தூறல் மழையில் பயணி பக்கத்து வைப்பர் நடுங்கும், பெருமழையில் சரியாகிவிடும். நான் ஓட்டிப் பார்த்த நாட்களில் மழையே இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத குறை அது.

விலை வைப்பது எனக்குப் பிடித்த வேலை இல்லை, ஆனால் கடினமானதும் இல்லை. குரோம் பம்பர் வண்டிக்கு விலை கூடுதல். 1974 முடிவில் அமெரிக்கச் சட்டங்களுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து வண்டியின் உயரத்தையும் ஏற்றினார்கள். வளைவில் சாய்வு கூடிவிட்டது, விலையில் அது இன்றுவரை தெரிகிறது. (அந்த வண்டிகளைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உயரத்தை இறக்கிவிட்டால் நல்ல வண்டி, வாங்கவும் மலிவு.) இதே வருடத்து நல்ல வண்டிகள் என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்று பார்த்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் என் பட்டறைக் கணக்கில் ஆகும் செலவைக் கழித்து, வந்த எண்ணை விளம்பரத்தில் போட்டேன். கழித்த கணக்கையும் ஒரு தாளில் வைத்திருந்தேன்.

அந்தத் தாள் முதல் ஆளுக்கே தேவைப்பட்டது. அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. குறைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி விலை குறைக்கத் தொடங்கினார். கதவுக்கு இவ்வளவு, இருக்கைக்கு இவ்வளவு. இதெல்லாம் கழித்துத்தான் விலை என்று கணக்கைக் காட்டினேன். “நீங்களே சொல்லிவிட்ட குறைக்கு நான் ஏன் முழு விலை தரவேண்டும்?” என்றார். சொல்லாதவரிடம் போனால் அங்கே முழு விலை கேட்பார்கள், குறை பிறகு தெரியும் என்றேன். போய்விட்டார். குறையைச் சொல்கிறவன் விலையில் இறங்குவான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் இறங்குவதில்லை. ஒருமுறை இறங்கினால் அந்தத் தாள் உண்மை சொல்லும் தாளாக இருக்காது, பேரத்துக்கு விட்ட இடமாகிவிடும்.

வாங்கியவர் ரயில்வே சிக்னல் பிரிவில் பொறியாளராக வேலை செய்யும் ஒரு பெண். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வியே என்னைக் கவர்ந்தது: “நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருப்பீர்களா?” காலையில் வந்ததும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. நானும் எப்போதும் அப்படித்தான் காட்டுவேன். சூடான எஞ்சின் ஏறக்குறைய எல்லாக் குற்றத்தையும் மறைத்துவிடும்.

சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் பின்பக்கம் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். கார்புரேட்டர்கள் நிறைந்ததும் நிற்கவேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது அல்லது காற்று இழுக்கிறது. நின்றது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் பிடித்துக்கொண்டது, ஆயில் பிரஷர் முள் உடனே ஏறியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டு, “மேலே டக் டக் என்கிறதே?” என்றார். டாப்பெட் சத்தம். பி சீரிஸில் வால்வு இடைவெளி 0.015 அங்குலம், அந்த இடைவெளி இருந்தால் சத்தம் இருக்கத்தான் செய்யும். சத்தமே இல்லாத பி சீரிஸைக் கண்டால்தான் நான் பயப்படுவேன், இடைவெளி இறுகி வால்வு எரிந்துகொண்டிருக்கும். கோவையில் என் உஸ்தாத் அம்பாசடருக்குச் சொன்ன அதே பாடம். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 1999 முடிவோடு போனதால் கடினமான வால்வு சீட் வைத்திருக்கிறதா என்று கேட்டார். அதற்கான பில்லை எடுத்துக் காட்டினேன்.

அட்டையை விரித்துக் கீழே படுத்துச் சில் விளிம்பைத் தானே பார்த்தார். நான் அருகில் நின்று விளக்கவில்லை. தள்ளிப்போய் வேறு வேலை பார்த்தேன். வாங்குகிறவர் தனியாக வண்டியோடு இருக்கும் நேரம் வேண்டும். பிறகு இருவரும் ஓட்டிப்போனோம். இரண்டாவது கியர் முதலில் கரகரத்தது, அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பட்டியலில் படித்திருந்தார். ஐந்தாறு மைல் போனதும் அது மெத்தென்று விழத் தொடங்கியது. டாப் கியரில் 50 மைல் வேகத்தில் ஓவர்டிரைவ் ஸ்விட்சைத் தட்டியதும் எஞ்சின் சத்தம் ஒரு படி கீழே இறங்கியது. அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். மழை மட்டும் பெய்யவில்லை, வைப்பரைக் காட்ட முடியவில்லை.

திரும்பி வந்து நோட்டைப் படிக்க உட்கார்ந்தார். வெகுநேரம் எடுத்துக்கொண்டார். விலையில் பேரம் பேசவில்லை. கதவைச் சரிசெய்து தந்தால் எவ்வளவு கூடும் என்று மட்டும் கேட்டார், சொன்னேன், யோசித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இங்கே வியாபாரி விற்கும் வண்டிக்கு 2015-ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். வண்டி தரமற்றதாக இருந்தால் வாங்கியவர் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ‘உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது’ என்று எழுதி வைத்துத் தப்பிக்க முடியாது. ஆனால் விற்கும் முன் குறிப்பாக எடுத்துச் சொன்ன ஒரு குறையை வைத்துப் பிறகு தரம் சரியில்லை என்று கேட்க முடியாது. அதனால் அந்தத் தாளில் நானும் கையெழுத்திட்டு, அவரிடமும் வாங்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம்.

கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஆலையின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. அங்கிருந்து ஆசிரியர் வாங்கியிருந்த சான்றிதழில் வண்டி கட்டிய தேதியும் முதல் நிறமும் எஞ்சின் எண்ணும் இருந்தன, வண்டியில் இருந்தவற்றோடு ஒத்துப்போயின. பதிவுப் புத்தகத்தின் பச்சைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தோம். நாற்பது வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி பூஜ்யம்தான், ஆனாலும் முந்தையவரின் வரி புதியவருக்குத் தொடராது, அவர் பெயரில் மறுபடி பதியவேண்டும். பலர் இதை மறந்து அபராதம் கட்டுகிறார்கள். இன்ஷூரன்ஸை ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுக்கச் சொன்னேன். குறைகளின் போட்டோக்களையே அதற்கும் அனுப்பலாம்.

சாவியைக் கொடுக்க ஆசிரியரும் வந்திருந்தார். க்ரீஸ் கன்னை எடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது கிங்பின்னுக்கு எப்படி அடிப்பது என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டச் சொன்னார். சக்கரத்தின் மேல் எடை இருந்தால் க்ரீஸ் ஒரு பக்கம் போகாது. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முழங்கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிப்பிளும் எங்கே என்று பார்க்காமலே சொன்னார்.

அடுத்த கோடையில் வண்டி சர்வீசுக்கு வந்தது. நோட்டில் பச்சை மையில் புதுக் கையெழுத்து தொடர்ந்திருந்தது. வைப்பர் ரப்பரையும் கையின் கோணத்தையும் மாற்றி அந்த நடுக்கத்தை அவரே போக்கியிருந்தார். கொஞ்சம் பணம் சேர்த்திருப்பதாகவும், இப்போது கதவைப் பார்க்கலாமா என்றும் கேட்டார். முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். இடது பக்க ஆட்டம் போன வருடத்தைவிடச் சற்றுக் கூடியிருந்தது. கதவை விடுங்கள், அந்தப் பணத்தில் இரண்டு பக்கக் கிங்பின்னையும் மாற்றிவிடலாம் என்றேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.